நெல்லுக்குக் காற்றில் ஒரு காவல்: படுவான்கரை வயல்களின் வரலாறு

மட்டக்களப்பு நகரை விட்டு வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் இருக்கும் ஊர் அது. அங்கிருந்து மேற்கே ஆயித்தியமலை, உன்னிச்சை வரைக்கும் விரிந்து கிடப்பது பெரும்பாலும் நெல்வயல். கடலோரத்து எழுவான்கரையின் உலைக்கு அரிசி கொடுத்தது, வாவிக்கு இந்தப் பக்கம் சூரியன் படுகின்ற படுவான்கரைதான். இந்த வயல்களின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் நிலம் யாருடையது, நீர் எங்கிருந்து வந்தது, உழைத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளே முன்னுக்கு வருகின்றன. நிலவுடைமையாளரான போடியாருக்கும் அவர் வயலில் உழைத்த முல்லைக்காரருக்கும் இடையிலிருந்த உறவு, வயல்களை மேற்பார்த்த வட்டவிதானையின் அதிகாரம், குளங்களின் திருத்தம் என்று அவற்றுக்குப் பல விடைகள் உண்டு. நான்காவது கேள்வி ஒன்று கேட்கப்படாமலே கிடக்கிறது: விளைந்த பயிரைப் பூச்சியிடமிருந்து காத்தது யார்? பன்றிக்கும் யானைக்கும் பரண் கட்டி இராக்காவல் இருந்தவர்களை நாம் அறிவோம். பூச்சிக்கு எதிரான காவல் வேறு வழியில் நடந்தது. நெற்பயிர் தன்னைத் தாக்கும் பூச்சியின் பகைவரைக் காற்றின் வழியே வரவழைக்கிறது. படுவான்கரையின் பழைய வயல் ஒழுங்கு அப்படி வருகிறவர்களுக்கு இடம் விட்டிருந்தது. கடந்த அரை நூற்றாண்டின் மருந்தடிப்பு அவர்களைக் கொன்றது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த மண்ணின் வேளாண்மை வரலாறு முழுமை பெறாது என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

முதலில் காற்றில் இருப்பது என்னவென்று பார்க்க வேண்டும். பச்சை இலை ஒவ்வொன்றும் நீராவியோடு வேறு பல பொருள்களையும் காற்றில் விடுகிறது. இவற்றை ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகள் என்கிறோம். வேப்பங்காற்றின் கசந்த வாடை, நொச்சியைக் கசக்கினால் எழும் காரமான மணம், கதிர் அறுக்கும்போது வயலெங்கும் கிளம்பும் பச்சை வாடை எல்லாம் இவைதாம். மணமே தெரியாதவையும் பல. அவற்றுள் தலையாயது ஐசோப்பிரீன். இலைகள் அதை வெளியிடுவதை 1957இல் ஜோர்ஜியாவைச் சேர்ந்த சனாட்சே என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். மலைக்காடுகளின் மேல் படியும் நீலப் புகார் தாவரங்கள் விடும் ஆவிகளால் உண்டாவது என்று 1960இல் பிரிட்ஸ் வென்ற் எழுதினார். இன்றைய கணக்கின்படி உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி தொன் இத்தகைய சேர்வைகளைக் காற்றில் சேர்க்கின்றன. அதில் ஏறக்குறைய பாதி ஐசோப்பிரீன். இந்தப் பெருந்தொகையில் நெல்லின் பங்கு சிறியது. ஆனால் வயலுக்குள் நடப்பதை அளவு தீர்மானிப்பதில்லை. எந்தச் சேர்வை, எந்த நேரத்தில், யாருடைய உணர்கொம்பை எட்டுகிறது என்பதே தீர்மானிக்கிறது. 1980களிலும் 1990இலும் அவரையினச் செடிகளிலும் சோளத்திலும் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பூச்சி கடித்த செடி முன்பு விடாத ஆவிகளை விடுகிறது. அந்தப் பூச்சியைத் தின்னும் அல்லது அதன் உடலில் முட்டையிடும் உயிர்கள் அவற்றைப் பின்தொடர்ந்து வருகின்றன.

நெல்லில் இதை அறிய அறக்கொட்டியானை அறிய வேண்டும். விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்று எழுதும் பூச்சியை நம் வயல்களில் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். அரை சென்ரிமீற்றர் நீளம்கூட இல்லாத உடம்பு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தண்டில் ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. படும் வேளையில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் எரிந்து கிடக்கும். தன் முட்டைகளை இது இலையுறைக்குள் புதைத்து வைக்கும். அந்த முட்டைகளைத் தேடி வருவது ஒரு மில்லிமீற்றரும் இல்லாத அனாகிரஸ் என்ற குளவி. அது தத்தியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது; உள்ளே வளரும் குளவிப் புழு தத்தியைப் பிறக்க விடுவதில்லை. இவ்வளவு சிறிய குளவி, கடலாய் விரிந்த வயலில், இலைக்குள் ஒளிந்த முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் விடை சொன்னார்கள். தத்தி தாக்கிய பயிரின் ஆவிகளை நோக்கிக் குளவி போனது. தாக்கப்படாத பயிரும், வெறுமனே காயப்படுத்திய பயிரும் அதை இழுக்கவில்லை. தாக்கிய பூச்சி எது என்பதற்கேற்பப் பயிர் வெளியிடும் ஆவிக்கலவை மாறுகிறது. குளவி அந்த மாற்றத்தை அறிகிறது. தத்தியின் முட்டைகளைக் குத்திக் குடிக்கும் நாவாய்ப்பூச்சி, குஞ்சுகளைப் பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி ஆகியவையும் சேர்ந்தால்தான் காவல் நிறைவு பெறும்.

குளவி வருவதற்கு முதலில் அது உயிரோடு அருகில் இருக்க வேண்டும். நெல் இல்லாத மாதங்களில் ஒதுங்க இடமும், வளர்ந்த குளவிக்குப் பூந்தேனும் வேண்டும். இங்கேதான் படுவான்கரையின் பழைய நில அமைப்பு வரலாற்றுக்குள் வருகிறது. வவுணதீவைச் சூழ்ந்த ஊர்களில் இலுப்பட்டிச்சேனை, பாவற்கொடிச்சேனை, பன்சேனை என்று சேனைகள் வரிசையாக உண்டு. காட்டை வெட்டிச் சுட்டு, சோளனும் குரக்கனும் எள்ளும் பயறும் விதைத்து, சில போகங்களுக்குப் பின் காட்டுக்கே திருப்பிவிட்ட நிலங்கள் அவை. நெல்வட்டையும் சேனையும் பற்றையும் குளக்கரையும் அடுத்தடுத்துக் கிடந்த நிலத்தில் ஆண்டின் எந்த மாதத்திலும் எங்காவது ஒரு பூ இருந்தது; ஏதாவது ஒரு பச்சை இலை வாடை விட்டுக்கொண்டிருந்தது. வட்டை எனப்படும் வயல்தொகுதிக்குள் ஒழுங்கு வேறு விதமானது. விதைப்பு நாளையும் மாடுகளை வெளியேற்றும் நாளையும் கூட்டம் கூடித் தீர்மானிப்பதும், அதை வட்டவிதானை நடைமுறைப்படுத்துவதும் இந்த நாட்டு வழக்கம். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் வந்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய பழைய வழக்கங்களுக்குச் சட்டபலமும் கொடுத்தது. ஒரு வட்டை முழுவதும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால், தத்தி ஒரு வயலில் பெருகி அடுத்த வயலுக்குத் தாவும் சங்கிலி அறுந்துவிடும். நீர்ப் பங்கீட்டுக்காக உண்டான கட்டுப்பாடு பூச்சிக்கும் கட்டுப்பாடாக அமைந்தது.

தாவர ஆவிகளைத் தெரிந்தே பயன்படுத்திய வழக்கங்களும் இருந்தன. சேமித்த நெல்லுக்குள் வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவது தமிழர் வாழும் ஊர்களில் பொதுவான பழக்கம். மாட்டுப் பட்டியில் பச்சை இலைப் புகை போட்டு நுளம்பை விரட்டினார்கள். சிங்களக் கிராமங்களில் கெம் என்று சொல்லப்படும் முறைகளில், குறித்த மரக்கிளைகளை வயலில் நடுவதும் குறித்த இலைகளை நீர் வரும் வாயில் இடுவதும் அடக்கம். இவற்றில் மந்திரமும் நம்பிக்கையும் கலந்திருந்தன; எல்லாமே பலன் தந்தன என்று சொல்ல முடியாது. ஆனாலும் சிலவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டு. நொச்சி எண்ணெயிலுள்ள கரியோபிலீன் முதலிய சேர்வைகள் பல பூச்சிகளை விலக்குகின்றன. வேம்பில் பெயர்பெற்ற அசாடிரக்ரின் ஆவியாவதில்லை. அதன் வாடை கந்தகம் சேர்ந்த சேர்வைகளால் வருகிறது. இரண்டும் வேறு வேறு வழிகளில் பூச்சியைத் தடுக்கின்றன. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.சி. சக்சேனா 1980களில் செய்த சோதனைகளில், வேப்பெண்ணெய் விசிறிய நெல்லில் தத்தி குறைவாகவே சாறு குடித்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய காலத்தைப் பொற்காலமாக்குவது எளிது. அன்று விளைச்சல் குறைவு, பஞ்சம் உண்டு, பூச்சியும் உண்டு. 1950களில் இலங்கையில் ஹெக்டயருக்கு 2 தொன்னுக்கும் குறைவாக விளைந்த நெல் பிற்காலத்தில் 4 தொன்னைத் தாண்டியது. பெருகிய மக்களுக்குச் சோறு போட்டது புதிய வேளாண்மைதான். இந்த மறுப்பை முழுதாக ஏற்கலாம். குளவிக்காக எந்த உழவரும் பற்றையை விட்டுவைக்கவில்லை. வெட்ட ஆள் போதாததாலும், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தேவைப்பட்டதாலும் அது நின்றது. ஆகவே பழையவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது இங்கு வாதமல்ல. நோக்கம் இல்லாமல் கிடைத்த ஒரு நன்மை, அதை அறியாமலே இழக்கப்பட்டது என்பதுதான் வாதம். விளைச்சலைக் கூட்டியவை பெரும்பாலும் புதிய நெல்லினங்கள், பசளை, உறுதியான நீர் ஆகிய மூன்றுமே. அவற்றோடு ஒரே பொதியில் வந்து சேர்ந்ததால் பூச்சிகொல்லிக்கும் அந்தப் பெருமையில் பங்கு கிடைத்தது. அந்தப் பங்கு உரியதுதானா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பத்தலகொடையில் 1952இல் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியது. எச்-4 போன்ற இனங்கள் அங்கிருந்து வயலுக்கு வந்தன. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8இன் குட்டை உயர வழி 1970களின் பீ.ஜி. இனங்களில் தொடர்ந்தது. அதிக யூரியாவை உண்டு சாயாமல் நிற்கும் அடர்ந்த பயிர் தத்திக்கும் உகந்த வீடாயிற்று. விதையை நெருக்கமாக வீசி விதைக்கும் கிழக்கு மாகாணத்தின் வழக்கமும் அதற்குத் துணைபோனது. 1970களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை என்று நெல் விளையும் ஆசியா முழுவதும் தத்தி பெருகி வயல்களை எரித்தது. அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டது மேலும் மருந்தடிப்பு. ஆனால் நெருப்பை மூட்டியதில் மருந்துக்கே பங்கிருந்தது. பீற்றர் கென்மோர் பிலிப்பைன்ஸ் வயல்களில் செய்த ஆய்வு அதை எண்ணிக்கையோடு காட்டியது. மருந்தடித்தால் சிலந்தியும் குளவியும் நாவாய்ப்பூச்சியும் சாகும். இலையுறைக்குள் புதைந்த தத்தி முட்டை தப்பும். ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரிக்கும்போது தின்ன ஆள் இருக்காது. சில மருந்துகள் தத்தியை முன்னிலும் அதிகமாக முட்டையிடத் தூண்டியதை எஸ். செல்லையாவும் ஹெய்ன்றிக்ஸும் 1980இல் வெளியிட்டார்கள். நெற்பயிர் அப்போதும் ஆவிகளை விட்டுக்கொண்டுதான் இருந்தது. வர வேண்டியவர்கள் செத்துக் கிடந்தார்கள்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை விரைந்து கற்றது. 1986 நவம்பரில் அதன் ஜனாதிபதி நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தார். உழவர்களுக்கு வயல் பள்ளிகள் நடத்தப்பட்டன. இலங்கையிலும் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் 1980களில் தொடங்கியது. வயல் பள்ளியில் பயின்ற உழவர்கள் ஒரு போகத்தில் சராசரியாக 2.2 தடவை அடித்த பூச்சிகொல்லியை 0.4 தடவையாகக் குறைத்ததாக 2000களின் தொடக்கத்தில் இங்கு நடந்த மதிப்பீடு சொன்னது. அந்த ஆண்டுகளில் படுவான்கரையின் நிலை வேறு. இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான எல்லையாக வவுணதீவு இருந்தது. 1997 மார்ச்சில் அங்கிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. 2006, 2007இல் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். உலகம் நெல்லின் காவலரைப் பற்றிக் கற்ற இருபது ஆண்டுகளும் இவ்வூர் உழவர்கள் சோதனைச்சாவடியைத் தாண்டி வயலுக்குப் போவதையே பெரிய வேலையாகக் கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கையில் கடன், வயலில் களை, அறுவடைக்குள் கடனை அடைக்கும் நெருக்கடி. அந்த நிலையில் ஒரு சிறு பூச்சியைக் கண்டாலும் மருந்துப் போத்தலை எடுப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. கற்பிக்க வேண்டிய காலத்தில் கற்பிக்காமல் விட்ட பொறுப்பு நாட்டுக்குரியது.

அறிவியல் பக்கமிருந்தும் ஒரு மறுப்பு வரும். ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயில் குளவி திரும்பியதை வைத்து வயலைப் பற்றிப் பேசலாமா? மேலும், வாடை நண்பரை மட்டுமா அழைக்கும், பகைவரையும் அழைக்காதா? இரண்டு கேள்விகளும் சரியானவை, இரண்டுக்கும் விடை இருக்கிறது. 2012இல் வெளியான சீன ஆய்வொன்றில், குறித்த ஆவியை விட முடியாதபடி மரபணு அடக்கப்பட்ட நெல்லைத் திறந்த வயலில் நட்டுப் பார்த்தார்கள். தாக்கப்பட்டபின் நெல் விடும் லினலூல் தத்தியை விலக்கியது. ஒட்டுண்ணிக் குளவிகளையும் இரைகொல்லிகளையும் இழுத்தது. ஆனால் இலை கடிக்கும் சில பூச்சிகளையும் இழுத்தது. நெல் எப்போதும் விடும் கரியோபிலீன் குளவியோடு தத்தியையும் சேர்த்தே இழுத்தது. ஆக, இந்த ஆவிகள் எல்லா வேளையும் நன்மை மட்டும் செய்யும் அருமருந்து அல்ல. பயிர், பூச்சி, பூச்சியின் பகைவர் என்ற மூவருக்கும் கேட்கும் செய்தி அது. பலன் நன்மையாவதும் தீமையாவதும், கேட்டு வரக்கூடியவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குளவியும் சிலந்தியும் இல்லாத வயலில் அதே வாடை பகைவருக்கு மட்டுமே வழிகாட்டும். இந்த மறுப்பு நம் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது.

நெல்லினங்களின் வரலாறும் இதே திசையைக் காட்டுகிறது. தத்தியை எதிர்க்கும் மரபணுக்களைத் தேடியவர்கள் கடைசியில் வந்து நின்றது நம் பழைய நெல்லிடம். தமிழ்நாட்டு அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7, கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி, பாபவீ ஆகியவை உலக இனவிருத்தியாளர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வங்கள். எதிர்ப்புத்திறன் உள்ள சில இனங்களிலிருந்து வடித்தெடுத்த ஆவிப்பொருள்களைத் தத்தி விலக்கியதாக 1985இல் சக்சேனாவும் ஒகெச்சும் எழுதினார்கள். ஆனால் ஒற்றை மரபணுவை நம்பிய இனங்கள் நிலைக்கவில்லை. 1973இல் வந்த ஐ.ஆர். 26ஐத் தத்தி சில ஆண்டுகளிலேயே வென்றுவிட்டது. மருந்தோ மரபணுவோ ஒன்றையே நம்பிய காவல் விரைவில் உடையும். பல காவலர் சேர்ந்த வயலே தாக்குப்பிடிக்கும்.

கடைசி மறுப்பு மிகவும் வலியது. அது 2021இன் நினைவிலிருந்து வருகிறது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் ஒரே வர்த்தமானியில் தடுக்கப்பட்டன. அடுத்த பெரும்போகம் பெரிதும் சரிந்தது. நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. இயற்கையே காக்கும் என்று சொன்னவர்களை நம்பிக் கெட்டோம் என்று ஓர் உழவர் சொன்னால் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பதில் இது: அந்தச் சரிவுக்கு முதற்காரணம் நைதரசன் பசளை இல்லாமற் போனது. பசளையையும் பூச்சிகொல்லியையும் ஒன்றாகக் கட்டி, முன்னறிவிப்பின்றி, பயிற்சியின்றி வீசியெறிந்த முடிவு அது. அதற்கு மாறான சான்று ஒன்றும் இதே நாட்டில் இருக்கிறது. மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியவை 1995இலும் என்டோசல்பான் 1998இலும் விலக்கப்பட்டன. நஞ்சருந்தி மாய்வோர் தொகையைக் குறைக்க எடுத்த நடவடிக்கை அது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தத் தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததா என்று தேடிய 2008ஆம் ஆண்டு ஆய்வு, குறைந்ததற்கான அடையாளம் எதையும் காணவில்லை. கொடிய மருந்துகள் போனபின்னும் வயல் விளைந்தது. பசளையை நிறுத்துவதும் பூச்சிகொல்லியைக் குறைப்பதும் வேறு வேறு செயல்கள் என்பதை இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்து சொல்கின்றன.

செய்யக்கூடியது என்ன என்பதற்கும் அளந்து பார்த்த விடை உண்டு. சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நெல்வயல் வரம்புகளில் தேன் தரும் பூச்செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். 2016இல் வெளியான முடிவு: பூச்சிகொல்லி 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது, வருமானம் 7.5 சதவீதம் உயர்ந்தது. இத்தகைய வரம்புகளுக்குப் பெயர்பெற்ற செடிகளில் ஒன்று எள். எள்ளுப் பூவின் தேனை உண்ட அனாகிரஸ் குளவி கூடுதல் நாள் வாழ்ந்து கூடுதல் முட்டைகளை அழிக்கிறது. படுவான்கரையின் சேனைகளில் காலங்காலமாக விளைந்த அதே எள்ளு. வவுணதீவுக்கு இதைக் கொண்டுவரப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளோடு வரம்புப் பயிரையும் தீர்மானிக்கலாம். முதல் நாற்பது நாள் பூச்சிகொல்லி அடிப்பதில்லை என்று வட்டை முழுவதும் ஒப்புக்கொள்ளலாம். விதையடர்த்தியையும் யூரியாவையும் திணைக்களம் சொல்லும் அளவில் நிறுத்தலாம். கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும் பக்கத்தில் நின்றால், வட்டவிதானை நடத்தி வந்த பழைய கூட்டொழுங்கு இதற்குப் போதும். ஒரு வயல் மட்டும் மருந்தை நிறுத்தினால் பலன் சிறிது. காற்றுக்கும் குளவிக்கும் வரம்பு இல்லாததால் வட்டையாகச் சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும்.

மட்டக்களப்பின் வேளாண்மை வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் குளத்தையும் காணி உறுதியையும் குடிவழியையும் எழுதுவதோடு, வயலைச் சூழ்ந்திருந்த பற்றையையும் வரம்பையும், எந்த ஆண்டு எந்த மருந்து ஊருக்குள் வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மருந்து வருமுன் வயல் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவதற்குக் காலம் அதிகம் இல்லை. வயல் செய்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த பெரும்போகத்தில் அறக்கொட்டியானைக் கண்டதும் போத்தலை எடுக்குமுன் ஒரு கொத்துப் பயிரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். அங்கே சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் இருந்தால், உங்கள் நெல் அழைத்தவர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள், அவர்களைக் கொல்லாதீர்கள்.